பதனிட்ட உணவும் பொசுபேற்று உப்பும்

அடுக்களையிலே கறிக்கு உப்பிடும் தாய்க்கு அதன் அளவு தெரியும். கைப்பக்குவம் என்று நாம் போற்றுவதிற் பாதி அந்த அளவறிவே ஆகும். வீட்டிலே குருதியழுத்தம் உடையார் ஒருவர் இருப்பின், அவருக்கென உப்பைக் குறைத்து வேறாக ஆக்கி வைப்பதும் அவள் அறிந்த காரியமே. ஆயின், கடையிலிருந்து நாம் பொதியாக வாங்கிவரும் உணவுக்கு உப்பிட்டவர் எவரோ. இட்ட அளவும் அவருக்கே தெரியும். அவர் இட்டது கறியுப்பு மாத்திரமன்று. நாவிற்குத் தன்னை எளிதிற் காட்டிக்கொள்ளாத வேறொருவகை உப்பும் அப்பொதிகளிற் பலவற்றிலே கலந்துள்ளது. பொசுபேற்று என்பது அதன் பெயர்.

பதனிட்ட பாற்கட்டி, சொசேஜ், உறையவைத்த இறால், கேக் செய்யும் மாக்கலவை, உடனடி நூடில்ஸ், கோலாப் பானம் ஆகிய இவை தம்முள் யாதோர் உறவும் இல்லாதன போலத் தோன்றும். இவற்றிற் பெரும்பாலானவற்றை ஒரு குடும்பமாக இணைப்பது இவ்வுப்பே. இது நஞ்சென அஞ்சுவாரும் உளர். அரசாங்கங்கள் அனுமதித்த பொருளாதலால் எள்ளளவும் தீங்கில்லை என்பாரும் உளர். உண்மை இவ்விருவர் கூற்றிற்கும் இடையிலே கிடக்கின்றது. ஒரே மேசையிலிருந்து உண்பவருள் ஒருவருக்கு வெறும் உணவாக அமைவது, அருகிலிருக்கும் மற்றொருவருக்கு நோயை வளர்ப்பதாகலாம். அது எவ்வாறு என்பதை இங்கே காண்போம்.

பெயரைக் கேட்டு அஞ்சவேண்டா

பொசுபரசு என்றதும் தீக்குச்சியும் எரிகுண்டும் நினைவிற்கு வருதல் இயல்பே. 1669ஆம் ஆண்டிலே, ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்தவரான ஹெனிக் பிராண்ட் என்னும் இரசவாதி, பொன் செய்யும் ஆசையினாற் சிறுநீரைப் பெருமளவிற் காய்ச்சி வற்றவைத்தபோது, இருளிலே ஒளிரும் பொருளொன்றைக் கண்டார். ‘ஒளியைத் தாங்குவது’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. அவ்வெண்பொசுபரசு கொடிய நஞ்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தீக்குச்சித் தொழிற்சாலைகளில் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர் பலர் தாடையெலும்பு அழுகித் துன்புற்றனர்.

ஆனால் உணவிற் சேர்வது அந்த மூலகம் அன்று. பொசுபரசு ஒட்சிசனோடு கூடி நிற்கும் நிலையே பொசுபேற்று. சோடியம் நீர் பட்டாற் சீறி எரியும் உலோகம். குளோரீன் மூச்சை அடைக்கும் வாயு. இவ்விரண்டும் சேர்ந்தாலோ நாம் அன்றாடம் உண்ணும் கறியுப்பு. மூலகத்தின் குணத்தைச் சேர்வையின்மேல் ஏற்றிப் பேசுதல் தவறென்பதை மாணவர்கள் இதனால் தெளியலாம். பசளையிலும் சலவைத் தூளிலும் பொசுபேற்று உண்டு, ஆகவே அஃது உணவிற்கு ஆகாது எனச் சிலர் வாதிப்பதும் இத்தகைய தவறே. சலவைத் தொட்டியிலே தண்ணீரும் உண்டு. அதனால் நாம் தண்ணீர் அருந்துவதை நிறுத்தி விட்டோமில்லை.

உண்மையில், பொசுபேற்று இன்றி உயிர் இல்லை. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 700 கிராம் பொசுபரசு உண்டு. அதில் நூற்றுக்கு 85 பங்கு கல்சியத்தோடு கூடி எலும்பாகவும் பல்லாகவும் அமைந்துள்ளது. எஞ்சியது ஒவ்வொரு கலத்தினுள்ளும் இருந்து, உடலின் ஆற்றலைச் சேமித்தும் செலவிட்டும் தொழிற்படுகின்றது. வளர்ந்தோருக்கு நாளொன்றிற்கு 700 மில்லிகிராம் பொசுபரசு போதுமென ஐக்கிய அமெரிக்காவின் மருத்துவ அறிஞர் குழுவொன்று 1997இல் விதந்துரைத்தது. பால், மீன், முட்டை, பயறு, பருப்பு, கடலை ஆகியவற்றிலெல்லாம் இது நிறைந்திருத்தலால், வயிறார உண்பவருக்குப் பொசுபரசுக் குறைபாடு நேர்வது அரிது. எனவே, ஆலைகள் இவ்வுப்பைச் சேர்ப்பது நம் உடலின் தேவை கருதியன்று. உணவுப் பண்டத்தின் தேவை கருதியேயாம்.

ஆலையிலே அது செய்யும் வேலை

அப்பச்சோடா மாவிலே நுரைத்துப் பொங்குவதற்கு ஓர் அமிலம் வேண்டும். முற்காலத்தில் இதற்குத் திராட்சை மதுத் தொழிலிற் கிடைத்த உப்பொன்று பயன்பட்டது. அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகப் பேராசிரியரான எபென் ஹோர்ஸ்போர்ட் என்பவர், எலும்பிலிருந்து பெற்ற கல்சியம் பொசுபேற்றை அமிலத் தன்மையுடையதாக்கி, அதற்கு மாற்றாகப் பயன்படுத்தும் முறைக்கு 1856இல் ஆக்கவுரிமை பெற்றார். இன்று நாம் வாங்கும் பேக்கிங் பவுடர்களிற் பலவும் அந்த மரபில் வந்தனவே. ஈரம் பட்டவுடன் பொசுபேற்று அப்பச்சோடாவோடு தாக்கமுற, காபனீரொட்சைட்டு வாயு வெளிப்பட்டுக் கேக்கைப் பொங்கச் செய்கின்றது. இக்காலத்திற் பொசுபேற்றுக்கு மூலப்பொருளாவது பெரும்பாலும் நிலத்திலிருந்து அகழ்ந்தெடுக்கும் பொசுபேற்றுப் பாறையாகும்.

பாற்கட்டியின் கதை வேறு. வெறும் பாற்கட்டியைச் சட்டியிலிட்டுச் சூடாக்கினால் நெய் தனியே பிரிந்தோடும். புரதம் திரைந்து கட்டியாகும். சுவிற்சர்லாந்தின் தூன் நகரிலே வோல்ற்றர் கேபர், பிரிற்ஸ் ஸ்ரெற்லர் என்னும் இருவர், 1911இல், சித்திரேற்று உப்பைச் சேர்த்து உருக்கினால் நெய் பிரியாது ஒருபடித்தாக நிற்கும் என்பதைக் கண்டனர். பின்வந்தோர் அதே வேலைக்குப் பொசுபேற்று உப்புக்களையும் கையாண்டனர். பாற்புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து நிற்பது கல்சியம். பொசுபேற்று அக்கல்சியத்தைத் தன்பால் இழுத்துக்கொள்ள, விடுபட்ட புரதம் நெய்த்துளிகளைச் சூழ்ந்து பிடித்துக்கொள்கின்றது. பாணிலே தடவும் பதமும், நீண்டநாட் கெடாத் தன்மையும் உடைய பதனிட்ட பாற்கட்டி இவ்வாறு பிறந்ததே.

இறைச்சியிலும் மீனிலும் அது செய்வது நீரைக் காத்தல். விலங்கு இறந்தபின் தசைநார்ப் புரதங்கள் இறுகி ஒன்றையொன்று பற்றிக்கொள்வதனால், சமைக்கும்போது நீர் பிழியப்பட்டு வெளியேறும். பொசுபேற்று அப்பிடியைத் தளர்த்தி, நீர் உள்ளே தங்குவதற்கு இடமளிக்கின்றது. சொசேஜ் மென்மையாய் இருப்பதும், உறையவைத்த இறால் உருகியபின் சக்கையாகாதிருப்பதும் இதனாலேயே. இங்கே நேர்மையின்மைக்கும் வாயில் உண்டு. இறாலைப் பொசுபேற்றுக் கரைசலிலே அளவுகடந்து ஊறவிட்டால் அது மேலும் மேலும் நீரை ஏற்று நிறை கூடும். வாங்குபவர் இறாலின் விலைக்குத் தண்ணீரை வாங்குகின்றார். உண்மை சட்டியிலே வெளிப்படும்.

கோலாப் பானத்திற்குப் புளிப்புத் தருவது பொசுபோரிக்கமிலம். கோப்பிக்குச் சேர்க்கும் சிலவகைப் பால்மாற்றுத் தூள்கள் சூட்டிலும் புளிப்பிலும் திரையாதிருப்பது பொற்றாசியம் பொசுபேற்றினால். இவ்வாறு நோக்கின், ஒவ்வொரு பயனும் தனித்தனியே நியாயமானதே. ஒரு நாளிலே ஒருவர் இவை யாவற்றையும் உண்ணும்போதுதான் கணக்குப் பெருகுகின்றது.

உடலினுட் புகுந்தபின்

பொசுபரசு எங்கிருந்து வந்தால் என்ன, எல்லாம் ஒன்றன்றோ என வாசகர்கள் கேட்கலாம். அளவில் ஒன்றாயினும், குடல் அதனை ஏற்கும் வகையில் வேறுபாடு உண்டு. பயறு, பருப்பு, தானியம் ஆகியவற்றிலுள்ள பொசுபரசின் பெரும்பகுதி பைற்றேற்று என்னும் சேர்வையாகப் பூட்டப்பட்டிருக்கின்றது. அப்பூட்டைத் திறக்கும் நொதியம் மனிதர் குடலிலே போதிய அளவு இன்மையால், ஏறக்குறைய நூற்றுக்கு 20 முதல் 50 பங்கே உடலிற் சேரும். மீன், இறைச்சி, பால் என்பவற்றிலிருந்து சேர்வது அதனிலும் சற்று மிகும். ஆலையிற் சேர்க்கும் பொசுபேற்று உப்போ யாதொன்றோடும் பிணைப்புறாது தனித்து நிற்பதனால், நூற்றுக்கு 80 பங்கிற்கும் மேலாக எளிதிற் குருதியை அடைகின்றது.

அவ்வாறு வந்து சேர்ந்ததைக் கணக்குப் பார்த்து வைத்திருப்பன சிறுநீரகங்களே. வேண்டிய அளவிற்கு மேற்பட்டதை அவை சிறுநீரோடு வெளியேற்றிவிடும். பொசுபேற்று மிகுந்து வருங்கால், எலும்பிலிருந்து சுரக்கும் ஓமோன் ஒன்று சிறுநீரகத்திற்கு அறிவித்து, வெளியேற்றத்தைக் கூட்டுவிக்கின்றது. ஆதலால் நல்ல சிறுநீரகம் உடைய ஒருவர் ஒருநாள் விருந்திலே பாற்கட்டியும் சொசேஜும் கோலாவும் உட்கொண்டாலும், மறுநாட் காலையில் அவர் குருதியிற் பெரிய மாற்றம் யாதும் காணப்படாது. இப்பொருளைப் பற்றிய அச்சமும் அலட்சியமும் ஒருங்கே வளர்ந்ததற்கு இதுவே காரணம். நலமுடையார் தம் அனுபவத்தையே எல்லோருக்கும் அளவுகோலாகக் கொள்கின்றனர்.

அளவு யாது?

உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூடி அமைத்த உணவுச் சேர்பொருள் நிபுணர் குழு, 1982இல், உடல்நிறையின் ஒவ்வொரு கிலோகிராமிற்கும் நாளொன்றுக்கு 70 மில்லிகிராம் பொசுபரசை மேலெல்லையாக வகுத்தது. நெடுங்காலம் உலகம் அதனையே கொண்டிருந்தது.

2017ஆம் ஆண்டின் இறுதியில் ஐரோப்பாவிலே இதுபற்றி ஒரு பெரும் வாக்குவாதம் எழுந்தது. கம்பியிற் கோத்துச் சுழற்றி வாட்டும் கெபாப் இறைச்சியிற் பொசுபேற்றுச் சேர்ப்பதற்கு முறைப்படி அனுமதி வழங்க ஐரோப்பிய ஆணைக்குழு முன்வந்தது. ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் அதனைத் தடுக்கும் பிரேரணைக்குச் சார்பாக 373 பேரும், எதிராக 272 பேரும் வாக்களித்தனர். ஆயினும் தடுப்பதற்கு வேண்டிய 376 வாக்குகளுக்கு மூன்று குறைந்தமையால் பிரேரணை தோற்றது. கெபாப் பிழைத்தது; ஆனால் பொசுபேற்று என்னும் சொல் பொதுமக்கள் வாயிலே புகுந்துவிட்டது.

அதன்பின் 2019இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை பழைய ஆய்வுகளையெல்லாம் மீண்டும் சீர்தூக்கி, எல்லையை 40 மில்லிகிராமாகக் குறைத்தது. 70 கிலோகிராம் நிறையுடையவருக்கு இது நாளொன்றுக்கு 2.8 கிராம். இயற்கை உணவிலுள்ளதும் ஆலையிற் சேர்த்ததும் ஆகிய இரண்டும் இக்கணக்கில் அடங்கும். ஐரோப்பியர் உண்ணும் பொசுபரசிலே சேர்பொருள்களின் பங்கு சராசரியாக நூற்றுக்கு 6 முதல் 30 வரை எனவும் அச்சபை மதிப்பிட்டது. அவ்வறிக்கையிற் பெற்றோர் மனங்கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. குழந்தைகளும் சிறுவரும் சாதாரணமாக உண்ணும் உணவினாலேயே இவ்வெல்லையைக் கடத்தல் கூடும் என்பதே அது. 20 கிலோகிராம் நிறையுள்ள பிள்ளைக்கு எல்லை 800 மில்லிகிராம் மாத்திரமே. இதனாற் பிள்ளையின் பாலையோ மீனையோ குறைத்துவிடலாகாது. வளரும் எலும்பிற்கு அவை இன்றியமையாதன. குறைக்கத்தக்கவை, பசியை ஆற்றுவதினும் நாவை மயக்குவதற்கே வரும் பொதிகளேயாம்.

கோலாவைப் பற்றியும் ஒரு சொல். 2006இல் அமெரிக்காவிலே வெளிவந்த ஆய்வொன்று, நாள்தோறும் கோலா அருந்தும் பெண்களின் இடுப்பெலும்பு அடர்த்தி குறைந்திருப்பதைக் கண்டது. ஆண்களிடம் அவ்வாறு காணப்படவில்லை. கோலா அல்லாத பிற நுரைபானங்களுக்கும் அத்தொடர்பு தோன்றவில்லை. இதனைக் கொண்டு பொசுபோரிக்கமிலமே குற்றவாளி எனத் தீர்ப்புக் கூறிவிட முடியாது. ஒரு கோப்பைப் பாலிலுள்ள பொசுபரசு ஒரு போத்தற் கோலாவில் உள்ளதைப்போலப் பன்மடங்கு. பாலிலே அதற்குத் துணையாகக் கல்சியமும் உண்டு. கோலாவிலோ சீனியும் புளிப்பும் சேர்ந்து பல்லை அரிக்கும். பாலிருந்த இடத்திற் கோலா வந்து அமர்வதே கவலைக்குரியது.

சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு

மேற்கூறிய ஐரோப்பிய அறிக்கை மற்றுமொன்றைத் தெளிவாக உரைத்துள்ளது. வகுத்த எல்லை, சிறுநீரகத் தொழிற்பாடு நடுத்தரமாகவோ மிகுதியாகவோ குன்றியவர்களுக்குப் பொருந்தாது என்பதாம். ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்கின்றோம். அந்த அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதை மறந்துவிடுகின்றோம். இந்நோயாளரின் சிறுநீரகத்தால் மிகையான பொசுபேற்றை வெளியேற்ற இயலாது. அது குருதியிலே தேங்கி, எலும்பிலிருந்து கல்சியம் குறைவதற்கும், இருக்கக்கூடாத இடமாகிய குருதிக்குழாய்ச் சுவரிலே கல்சியம் படிவதற்கும் வழியாகின்றது. இறுகிய குழாய்களோடு இதயம் போராட வேண்டியதாகின்றது. சிறுநீரக நோயாளர் பலர் இறுதியில் இதய நோயினாலே மடிவதற்கு இதுவும் ஒரு காரணமென வைத்தியர்கள் கருதுகின்றனர்.

நம் நாட்டிற் சிறுநீரக நோய் பிறர் வீட்டுக் கதையன்று. நீரிழிவும் குருதியழுத்தமும் நெடுநாள் நீடித்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இவ்விரண்டும் இல்லாத குடும்பம் இன்று அரிது. அன்றியும், 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்திலே, பதவியா, மதவாச்சி முதலிய இடங்களின் கமக்காரர்களிடையே, காரணம் அறுதியிடப்படாத சிறுநீரக நோயொன்று பரவி வந்துள்ளது. வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளும் அதற்கு இலக்காயின. உணவிற் சேர்க்கும் பொசுபேற்று அந்நோயை உண்டாக்கியதென எவரும் நிறுவவில்லை. அவ்வாறு கூறுவது பொருந்தாது. ஆனால், எக்காரணத்தாற் சிறுநீரகம் கெட்டிருப்பினும், கெட்டபின் பொசுபேற்று மிகுந்த உணவு துன்பத்தைக் கூட்டும். இந்நோய் முற்றும்வரை பெரும்பாலும் தன்னை வெளிக்காட்டாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. நீரிழிவாளர் ஆண்டுதோறும் குருதியையும் சிறுநீரையும் சோதிப்பித்தல் நன்று.

இங்கே நம்பிக்கையூட்டும் ஆய்வொன்றைக் கூறவேண்டும். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலே, இயந்திரத்தின் உதவியாற் குருதியைச் சுத்திகரித்து வாழ்ந்த 279 நோயாளர்களை ஆய்வாளர் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு, பொசுபேற்றுச் சேர்த்த உணவுகளை எவ்வாறு கண்டறிந்து விலக்குவது என்பதை மாத்திரம் கற்பித்தனர். மூன்று மாதங்களின்பின், அவர்களின் குருதியிலுள்ள பொசுபரசு, கற்பிக்கப்படாத பிரிவினரினும் 100 மில்லிலீற்றருக்கு 0.6 மில்லிகிராம் கூடுதலாகக் குறைந்திருந்தது. 2009இல் வெளியான இம்முடிவிலே புதுமருந்து எதுவும் இல்லை. பொதியின்மேல் எழுதியிருப்பதை வாசிக்கப் பழகியதே அங்கு மருந்தாயிற்று.

2011இல் வெளியான மற்றோர் ஆய்விலே, ஒன்பது சிறுநீரக நோயாளர் ஒரு வாரம் இறைச்சி உணவும், மற்றொரு வாரம் தானியம் முதன்மையான மரக்கறி உணவும் உண்டனர். இரண்டிலும் பொசுபரசின் அளவு ஏறத்தாழச் சமமாயிருந்தும், மரக்கறி உணவு உண்ட வாரத்திலே குருதியின் பொசுபரசு குறைந்திருந்தது. ஒன்பது பேரைக் கொண்ட சிற்றாய்வே ஆயினும், பைற்றேற்றுப் பூட்டைப் பற்றி மேலே கூறியதற்கு இது பொருந்தி வருகின்றது. ஆயினும், நோயாளர்கள் இதனை வாசித்துத் தாமே உணவை மாற்றலாகாது. பருப்பிலும் காய்கறியிலும் பொற்றாசியம் முதலியனவும் உண்டாதலால், எதனை எவ்வளவு உண்பது என்பதை வைத்தியரே கூறவேண்டும்.

பொதியைத் திருப்பிப் பார்த்தல்

பொதியின் முகப்பிலே இருப்பது விளம்பரம். அதன் முதுகிலே இருப்பதுதான் செய்தி. லேபிள் என்று வழங்கும் சுட்டுத்துண்டில் உள்ளடக்கப் பொருள்களின் வரிசையைத் தேடுக. ஆங்கிலப் பெயர்களிலே ‘பொஸ்’ என்னும் ஒலி எங்கே வருகின்றதோ அங்கே பொசுபேற்று உண்டு எனப் பெரும்பாலும் கொள்ளலாம். பெயருக்குப் பதிலாகச் சர்வதேச இலக்கம் மாத்திரம் இருப்பின், 338 முதல் 343 வரையும், 450, 451, 452 ஆகியனவும் பொசுபேற்றுக் குடும்பத்தின் முக்கிய இலக்கங்கள் என அறிக. இவற்றுள் 338 என்பது பொசுபோரிக்கமிலம். மாணவர்கள் தம் வீட்டிலுள்ள பொதிகளை எடுத்து, எவற்றில் இவ்விலக்கங்கள் உள்ளன என ஓர் அட்டவணை தயாரித்தால், இரசாயன பாடமும் இல்லற பாடமும் ஒருங்கே கற்றவராவர்.

இத்தனை வாசித்தும் ஒன்று மாத்திரம் தெரியாது நிற்கும். பொசுபேற்று உண்டு என்பதைச் சுட்டுத்துண்டு கூறும். எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் கூறாது. சேர்த்த பொசுபேற்றின் அளவையும் பொறிக்கவேண்டும் என ஜேர்மன் வைத்திய அறிஞர் எபர்ஹார்ட் ரிற்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 2012இல் வற்புறுத்தினர். இலங்கையில், இனிப்புப் பானங்களிலே சீனியின் அளவைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறங்களாற் காட்டும் முறை 2016இல் நடைமுறைக்கு வந்தது. சீனிக்குச் செய்ய முடிந்ததைப் பொசுபேற்றிற்கும் செய்யலாம் அன்றோ?

அந்நாள் வரும்வரை, நலமுடையோர் இவ்வுணவுகளை எப்போதாவது உண்பதனால் அஞ்சவேண்டியதில்லை. அவை அன்றாட உணவாகாமற் பார்த்துக்கொண்டாற் போதும். வீட்டிலே சிறுநீரக நோயாளர் இருப்பின், பொதியைத் திருப்பிப் பார்க்கும் பொறுப்பு அவரை மாத்திரம் சார்ந்ததன்று. முதியவரின் கண்ணுக்கு அச்சிறிய எழுத்துத் தெரியாது. ஆங்கிலமும் பலருக்குப் பழக்கமில்லை. பள்ளிக்குச் செல்லும் பேரப்பிள்ளைக்கு இரண்டும் இயலும். கடைக்குச் செல்லும்போது அப்பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.